ஏழு உருப்படி டிங்கர் செட்டும் உக்கடத்துப் பழைய இரும்பும்

கார்த் தகட்டை அடித்து வடிவெடுக்கும் கருவிகள், ஏழு உருப்படி கொண்ட டிங்கர் செட் ஒன்றை ஆன்லைனில் 2,650 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று சுத்தியல், நான்கு டாலி (தகட்டுக்குப் பின்னால் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை). ஒன்பது மாதம் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். ஏழில் மூன்றுதான் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அந்த மூன்றையும்கூட இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்துச் சரிசெய்த பிறகுதான் வேலைக்கு எடுத்தேன். மற்ற வேலைகளுக்கெல்லாம் நானே செய்துகொண்ட கருவிகள்தான் கைகொடுக்கின்றன. அதனால் செட்டைப் பற்றியும், அதற்கு மாற்றாக நான் செய்தவற்றைப் பற்றியும், பொருள் கிடைத்த பழைய இரும்புக் கடை, கடைந்து கொடுத்த லேத் பட்டறை பற்றியும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டில் சின்ன இடம் வைத்துக்கொண்டு தகடு வளைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அரம், டிரில், அலைன்மென்ட் எல்லாம் கைக்குப் பழக்கம். தகட்டு வேலை மட்டும் எனக்குப் புதிது. வீட்டுக்குப் பின்னால் 10க்கு 12 அடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு கிரைண்டர், ஒரு வெல்டிங் செட். வாசலில் நிற்பது என் மாமனார் வைத்திருந்த 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்தக் கார்தான் இந்த வேலைக்கெல்லாம் காரணம்.

ஹெரால்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இந்தக் காரை உருவாக்குவதற்கு முன்பே, ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லாமல், தனிச் சேசிஸ் போட்டு, அதன்மேல் சின்னச் சின்னப் பகுதிகளாக போல்ட் போட்டு மாட்டும் பாடியாக வடிவமைத்தார்கள். வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலோட்டி. 1959இல் அங்கே வந்த கார், 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியில் தயாரானது. அறுபது வருடத்துக்கும் முன்னால் அவர்களுக்கு வந்த அந்த நெருக்கடி இன்றைக்கு எனக்கு வசதியாக இருக்கிறது. பகுதி பகுதியாகக் கழற்றி, மேசைமேல் வைத்து, ஒவ்வொரு துண்டாகச் செய்யலாம். முன்பக்கம் மொத்தமும், இரண்டு மட்கார்டோடு சேர்த்து ஒரே பானட்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். அதில் சக்கரத்துக்குப் பின்னால் அடிப்பக்கம், மண்ணும் தண்ணீரும் தங்கி இரண்டு பக்கமும் துரு தின்றிருந்தது. கையகலத் துண்டு ஒவ்வொன்றும். ஆனால் இரண்டு திசையிலும் வளைவு உள்ள துண்டு. தகட்டை நேர்கோட்டில் மடிக்கும் பிரேக் பிரஸ்ஸில் மடித்தால் வராது.

இப்போது செட். பெட்டியும் சிவப்புப் பெயிண்டும் பார்க்க நன்றாக இருந்தன. முதல் சுத்தியலைக் கையில் எடுத்தபோதே பிடி ஆடியது. ஆப்பு அடித்துச் சரிசெய்தேன். அது பெரிய குறை இல்லை. முகம்தான் குறை. சுத்தியலின் அடிமுகத்தில் கிரைண்டர் கல் ஓடிய கோடுகள் அப்படியே இருந்தன. ஓரம் கத்திபோல் நின்றது. அதை வைத்து ஒரு துண்டுத் தகட்டில் பத்து அடி அடித்தேன். பத்து பிறை வடிவத் தழும்பு விழுந்தது. தகட்டு வேலையில் கருவியின் முகத்தில் என்ன இருக்கிறதோ அது தகட்டில் அச்சாக இறங்கும். சுத்தியலில் ஒரு கீறல் இருந்தால் நூறு அடிக்கு நூறு கீறல். பிறகு அதைப் பட்டி போட்டு மறைக்க வேண்டியதுதான். பட்டி போட்டு மறைப்பதற்காக நான் இத்தனை மாதம் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கவில்லை.

 செட்டில் வந்த டாலி நான்கும் வார்ப்பு இரும்பு. இரண்டில் பெயிண்டை உரித்ததும் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிந்தன. வார்க்கும்போது காற்று அடைத்த ஓட்டை. எத்தனை தேய்த்தாலும் அடியில் இன்னொன்று வரும். அந்த இரண்டையும் இப்போது பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். மீதி இரண்டும், தட்டை முகச் சுத்தியல் ஒன்றும் தேறின. அரம் போட்டு ஓரத்தை உருட்டி, 80, 120, 220, 400 என்று எமரி பேப்பர் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் பஃப் சக்கரத்தில் மெழுகு போட்டு மினுக்கினேன். சுத்தியல் முகத்தை முழுத் தட்டையாக விடாமல், நடுவில் ஒரு தாள் கனத்துக்கு உப்பலாக விட்டேன். ஓரம் தகட்டைத் தொடாமல் இருக்க அந்த உப்பல் போதும். இந்த வேலைக்குப் பிறகு அதே சுத்தியல் நன்றாக வேலை செய்கிறது. இதை நீங்களே செய்யத் தயார் என்றால் செட்டை வாங்கலாம். பெட்டியைப் பிரித்து உடனே காரில் அடிக்க நினைத்தால் வேண்டாம்.

அந்தத் தேய்ப்பு வேலையின்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தகட்டுக்கருவியில் கவனிக்க வேண்டியவை மூன்று: எடை, முகத்தின் வளைவு, முகத்தின் மினுமினுப்பு. எடையையும் வளைவையும் பழைய இரும்பில் தேடலாம். மினுமினுப்பு நம் கையில் இருக்கிறது. அப்படி இருக்கும்போது செட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

முதலில் செய்தது புளியமரக் கட்டை. கறிக்கடையில் போட்டிருப்பார்களே, அதே கட்டைதான். இறைச்சி வெட்டுகிறவர்கள் புளியமரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடி வாங்கினால் சிம்பு சிம்பாகப் பிளக்காது. விறகுக் கடையில் 14 அங்குலக் குறுக்களவும் இரண்டடி உயரமும் உள்ள துண்டு 700 ரூபாய். மேல்முகத்தில் இரண்டு குழி எடுத்தேன். நடுவில் ஐந்து அங்குல அகலத்தில் ஒன்றேகால் அங்குல ஆழம். ஓரமாக மூன்று அங்குல அகலத்தில் முக்கால் அங்குல ஆழம். உளியால் தொடங்கி, கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டு முடித்தேன். குழியின் உதட்டை நன்றாக உருட்டிவிட வேண்டும். கூர்மையாக விட்டால் தகட்டில் கோடு விழும். இந்தக் குழிக்குமேல் தகட்டை வைத்து கொட்டாப்புளியால் (உலோகம் இல்லாத தலை வைத்த சுத்தியல்) அடித்தால் தகடு உள்ளே இறங்கும், ஓரத்தில் சுருக்கம் எழும். அந்தச் சுருக்கங்களை மெதுவாகக் குழியின் சரிவிலேயே வைத்து அடக்கினால் ஓரம் குறுகி, துண்டு கிண்ணம்போல் வரும். நாற்பதாயிரம் ரூபாய் இயந்திரம் செய்கிற வேலையில் பாதியை இந்தக் கட்டை செய்கிறது.

கட்டை பச்சையாக இருந்தால் காயும்போது வெடிக்கும். என்னுடையதும் இரண்டாவது வாரம் மேலிருந்து விரலளவு வெடித்தது. நல்லவேளை, குழிக்கு வெளியே. மில்லில் என்னோடு இருந்த ஒருவரின் அப்பா மாட்டு வண்டிச் சக்கரம் செய்தவர். அவர் சொன்ன யோசனைப்படி வண்டிப் பட்டா கட்டுவதுபோலவே செய்தேன். கட்டையின் சுற்றளவைவிடச் சற்றே சின்னதாக இரும்புப் பட்டையை வளையமாக வெல்டு செய்து, விறகுத் தீயில் பழுக்கக் காய்ச்சி, மேலே மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகு உருக்கித் தடவினேன். அதற்குப் பிறகு வெடிப்பு வளரவில்லை. இன்னொரு முறை செய்தால் ஆறு மாதம் நிழலில் காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குவேன்.

கொட்டாப்புளியைக் கருவேலங்கட்டையில் ஒன்று, நைலான் உருளையில் ஒன்று என்று இரண்டு செய்தேன். நைலான் நன்றாக உழைக்கிறது. ஒரு முனை முட்டை வடிவம், மறு முனை கிட்டத்தட்டத் தட்டை. மரத்தாலானது சத்தம் குறைவு. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் படிக்கிறான் என்பதால் மாலையில் மரம்தான்.

மணல் பை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே தடித்த ஜீன்ஸ் துணி, வெளியே இரண்டரை மில்லிமீட்டர் எருமைத்தோல், இரட்டைத் தையல். தோல் பை தைப்பவரிடம் கொடுத்து 850 ரூபாய். சலித்துக் காயவைத்த ஆற்று மணலை முக்கால் பங்குக்கு நிரப்பினேன். முழுக்க நிரப்பினால் கல்லாகிவிடும், குழி விழாது. ஈயக் குண்டு போடலாம் என்று சிலர் சொல்வார்கள். எடை அதிகம், தூசி வராது என்பது உண்மைதான். ஆனால் ஈயத்தூள் உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாது. பேரப்பிள்ளைகள் ஓடிவிளையாடுகிற வீட்டில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இனி ஸ்பிரிங் பட்டை. என் கொட்டகையில் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆங்கிலத்தில் ஸ்லாப்பர் என்பார்கள். வண்டி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையைப் பிடியாக வளைத்து, மறு முனையை மினுக்கினால் முடிந்தது. சுத்தியல் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் அடியைக் குவிக்கிறது. பட்டையோ உள்ளங்கை அளவுக்கு அடியைப் பரப்புகிறது. அதனால் தகடு நீளாது, மேடு மட்டும் அடங்கும். சுத்தியலையும் டாலியையும் நேருக்கு நேர் வைத்து அடித்தால் நடுவில் மாட்டிய தகடு மெலிந்து விரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்; நானும் செய்தேன். நெளிவை எடுக்கிறேன் என்று அடித்து அடித்துத் தகட்டை விரித்து, கடைசியில் அது கட்டைவிரலால் அமுக்கினால் டப்பென்று உள்ளே போய், விட்டால் டப்பென்று வெளியே வந்தது. பட்டை வந்தபிறகு அந்தத் தொல்லை முக்கால்வாசி போய்விட்டது.

பட்டைக்கு மினி வேனின் ஸ்பிரிங் போதும். லாரியுடையது கனம் அதிகம், ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். நான் எடுத்தது 50 மி.மீ. அகலம், 7 மி.மீ. கனம். 14 அங்குலம் வெட்டினேன். வெட்டும்போது கட்டிங் டிஸ்க்கை அழுத்தி, எஃகு சூடேறி நீலம் பாய விடக்கூடாது. கொஞ்சம் வெட்டி, தண்ணீர்த் துணி போட்டு, மறுபடி வெட்ட வேண்டும். பிடிப் பக்கத்தை மட்டும் கொல்லுப் பட்டறையில் காய்ச்சி வளைத்தோம். அடிக்கும் முகத்தை ஈரச் சாக்கால் சுற்றி வைத்திருந்தோம். வளைத்ததும் தண்ணீரில் போடக்கூடாது. அப்படியே ஆற விட வேண்டும். ஸ்பிரிங் எஃகில் கார்பன் அதிகம். சூட்டோடு தண்ணீரில் போட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பிடியை வெல்டு செய்து ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். மொத்தச் செலவு இரும்புக்கு 190, கொல்லருக்கு 150. இரண்டாவதாக இன்னொரு பட்டை செய்து முகத்தில் தோல் ஒட்டியிருக்கிறேன். அலுமினியத்துக்கும் கடைசி நேர மினுக்கலுக்கும் அது.

டாலிக்கு மாற்றாகக் கிடைத்தது ஒரு குண்டு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எறிவார்களே, நாலு கிலோ இரும்புக் குண்டு. விளையாட்டுப் பொருள் கடையில் 600 ரூபாய். குறுக்களவு பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இது வார்ப்பு இரும்பு என்பதால் தண்டோடு வெல்டு செய்ய முயலவில்லை. மூன்றங்குலக் குழாயில் வளையம் வெட்டி அதைக் கனமான தண்டில் வெல்டு செய்து, வளையத்தின்மேல் குண்டை உட்கார வைத்தேன். அடி விழ விழ அது தன்னாலேயே இறுகி உட்கார்ந்துகொள்கிறது. குண்டைச் சுழற்றிவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிய முகம். மட்கார்டின் உள்வளைவுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை. நீளவாக்கு வளைவுக்கு 75 மி.மீ. ஷாஃப்ட் துண்டு ஒன்றைப் படுக்கைவாக்கில் மாட்டியிருக்கிறேன்.

பட்டறைக்கல்லுக்காகத் தண்டவாளத் துண்டு தேடுகிறவர்கள் உண்டு. ஒன்று சொல்கிறேன். ரயில்வே பொருளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தொழிற்சாலை ஷாஃப்ட், பழைய லிஃப்ட் வழித்தண்டு என்று பில்லோடு கிடைக்கும் இரும்பு நிறைய இருக்கிறது.

இந்த இரும்பெல்லாம் கோவை உக்கடம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் டிராக்டர் சக்கரம் ஒன்று சாய்ந்திருக்கும். கடைக்காரர் என்னைவிட இருபது வயது சின்னவர். முதல் நாள் நான் அரை மணி நேரம் குவியலைக் கிளறி, ஒவ்வொரு இரும்பையும் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, எல்லாரும் எடை பார்த்து எடுப்பாங்க, நீங்க சத்தம் பார்த்து எடுக்கறீங்க?" என்று கேட்டார். வார்ப்பு இரும்பு மந்தமாகச் சொல்லும், எஃகு கணீரென்று சொல்லும். அதை அவரிடம் தட்டிக் காட்டினேன். அடுத்த முறை போனபோது எனக்காக நாலு நல்ல துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். எல்லாமே கிலோ விலை. ஸ்பிரிங் பட்டைக்கும் பேரிங்குக்கும் மட்டும் சற்றுக் கூடுதல். தராசு நேராக இருக்கிறது. வீட்டுக்கு வந்து என் தராசில் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். குறை என்று சொன்னால் நிற்க நிழல் இல்லை, துருப்பிடித்த முனைகள் எங்கும் நீட்டிக்கொண்டிருக்கும். கனமான செருப்பும் கையுறையும் இல்லாமல் போகாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருப்பது நல்லது.

இதுவரை எல்லாம் எளிதாக வந்தது. இங்கிலீஷ் வீலில்தான் சறுக்கினேன். மேலே ஒரு பெரிய தட்டைச் சக்கரம், கீழே உப்பலான சின்னச் சக்கரம், இரண்டுக்கும் நடுவே தகட்டை முன்னும் பின்னும் ஓட்டினால் அது மெல்ல மெல்ல விரிந்து வளைவெடுக்கும். சுத்தியல் தழும்பையும் சமன்செய்யும். சட்டம் சி வடிவத்தில் இருக்கும். நான் 50க்கு 50 சதுரக் குழாயில், மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சட்டம் செய்தேன். பார்க்க உறுதியாக இருந்தது. தகட்டை ஓட்டினால் வேலையே நடக்கவில்லை. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். கீழே திருகை இறுக்க இறுக்கச் சட்டத்தின் வாய் நாலு மில்லிமீட்டர் வரை திறந்தது. நான் கொடுத்த அழுத்தத்தைத் தகடு வாங்கவில்லை, சட்டம் வாங்கிக்கொண்டது. 31 வருடம் இயந்திரத்தோடு இருந்தவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. சட்டத்தை வெட்டிப் போட்டுவிட்டு, 100க்கு 50 சேனல் இரண்டை முகத்தோடு முகம் சேர்த்துப் பெட்டியாக வெல்டு செய்து புதிதாகக் கட்டினேன். வாயின் ஆழம் அதே 600 மி.மீ. இப்போது திறப்பு அரை மில்லிமீட்டருக்குள். இதில் இரும்பில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

மேல் சக்கரம் ஒரு பழைய 6314 பேரிங். வெளி அளவு 150 மி.மீ., அகலம் 35. வெளி வளையம் ஏற்கெனவே கிரைண்ட் செய்த, கடினமான எஃகு. நமக்கு வேண்டிய மினுமினுப்போடு வருகிறது. ஆட்டம் இருந்தால் வேண்டாம்; கையில் சுற்றிப் பார்த்து எடுக்க வேண்டும். ஓரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினேன், இல்லாவிட்டால் தகட்டில் தண்டவாளம்போல் இரட்டைக் கோடு விழும். ஒரு எச்சரிக்கை: பேரிங் வளையத்தைச் சுத்தியலால் அடிக்கும் டாலியாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். கடினத்தின்மேல் கடினம் மோதினால் சில்லு பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி எப்போதும் வேண்டும். காதுக்கும் அடைப்பான் வேண்டும்; மில் சத்தத்தில் என் காது ஏற்கெனவே பாதி போயிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கீழ்ச் சக்கரம் மூன்றையும் கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். 75 மி.மீ. உருளை, ஈஎன்8 எஃகு, உள்ளே 6202 பேரிங். ஒன்று நல்ல உப்பல், ஒன்று நடுத்தரம், ஒன்று கிட்டத்தட்டத் தட்டை. மூன்றுக்கும் சேர்த்து 2,400 ரூபாய். அந்த டர்னருக்கு மனதார நன்றி சொல்ல வேண்டும். நான் அட்டையில் வளைவை வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், அட்டை நனைஞ்சா அளவு மாறிடும்" என்று சொல்லி, தகட்டில் அதே வளைவுக்கு ஒரு கேஜ் வெட்டிக்கொண்டு, அதை வைத்துக் கடைந்தார். ஃபினிஷிங்கைக் கேட்காமலேயே எமரி போட்டுக் கொடுத்தார். சொன்ன தேதிக்கு நாலு நாள் தாமதம். பெரிய ஆர்டர்களுக்கு நடுவே சின்ன வேலையைச் செருகுகிறார்கள், அது நியாயம்தான். படம் வரைந்து, அளவெழுதிக் கொண்டுபோனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

தகடு பற்றி. காரின் பழைய தகட்டை மைக்ரோமீட்டரில் பார்த்ததில் 0.9 மி.மீ., அதாவது 20 கேஜ். எட்டுக்கு நாலு அடி ஷீட் ஏறக்குறைய 21 கிலோ வரும். கடையில் சும்மா ஷீட் என்று கேட்டால் துத்தநாகம் பூசிய ஜிஐ தருவார்கள். அது வேண்டாம், வெல்டு செய்யும்போது துத்தநாகப் புகை வரும், காய்ச்சலே வந்துவிடும். சிஆர் (சூடாக்காமல் உருட்டிய) ஷீட், முடிந்தால் டிடி தரம் என்று கேளுங்கள். ஆழமாக இழுத்து வடிவெடுக்கவென்றே செய்த தரம் அது. சாதாரணத் தகட்டில் மூன்றாவது அடியிலேயே கையில் எதிர்ப்புத் தெரியும். இதில் தகடு கூடவே வரும்.

பழகுவதற்கு அலுமினியம் நல்லது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் ஒரு நாள் வந்து சோப்பு முறையைக் காட்டினான். அலுமினியத் தகட்டில் துணி சோப்பால் கோடு போட்டு, அடியிலிருந்து மெல்லச் சூடு காட்ட வேண்டும். சோப்புக் கோடு கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். அப்போது தகடு வெண்ணெய்போல் மிருதுவாகிவிடும். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும் என்பதால் கண்ணை நம்ப முடியாது, சோப்பைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் உண்மையான வேலை. இடப்பக்கத் துண்டுக்கு முதலில் செய்தித்தாளை எடுத்து, எதிர்ப்பக்கத்தில் துரு தின்னாமல் மிஞ்சிய மேல்பகுதியில் வைத்து ஒட்டிப் பார்த்தேன். தாள் எங்கே சுருக்கம் விழுகிறதோ அங்கே தகட்டைக் குறுக்க வேண்டும். எங்கே கிழித்துவிட்டால்தான் படிகிறதோ அங்கே விரிக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாளிலேயே பேனாவால் எழுதிக்கொண்டேன். கட்டையில் இறக்கினேன், ஓரத்தில் மடிப்பு எடுத்தேன். மடிப்பு எடுக்கும் கவையை இரண்டு 8 மி.மீ. கம்பியில் செய்திருந்தேன், முனை மெலிந்து, இடைவெளி விரல் நுழையாத அளவு. எடுத்த மடிப்பு பக்கவாட்டில் விரிந்து ஓடாதபடி முதலில் இருபுறமும் அடக்கி, பிறகு குண்டின்மேல் வைத்து அடித்தால் அந்த உபரித் தகடு தனக்குள்ளேயே போய்க் கனமாகிறது. முதல் முறை கண்ணால் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. பிறகு வீலில் எழுபது எண்பது ஓட்டம், கடைசியில் பட்டை. இரண்டு துண்டு வீணாகி, மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டி, மூட்டைத் தேய்த்தபின் விரல் வைத்துத் தடவினால் எங்கே பழையது எங்கே புதியது என்று தெரியவில்லை. என் மனைவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா இருந்தா இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாருங்க" என்றாள்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், தகரக் கத்தரி வாங்குங்கள், நல்லதாக, இடம் வலம் இரண்டும். ஓரத்தைக் குறுக்கவும் விரிக்கவும் நெம்புகோல் வைத்த ஒரு சின்ன இயந்திரம் கிடைக்கிறது. அதன் பல்வைத்த தாடையை வீட்டில் செய்ய முடியாது. ஒரே மாதிரி ஓரம் நிறைய மடிக்க வேண்டியிருந்தால் அதற்குக் காசு கொடுக்கலாம். பல் பதிந்த தடத்தைத் தேய்த்தெடுக்க வேண்டும் என்பது அதன் குறை. டிங்கர் செட்டுக்கு நான் ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன். 2,650 ரூபாய்க்கு புளியங்கட்டை, மணல் பை, ஸ்பிரிங் பட்டை, குண்டு நான்கும் வந்து, கொஞ்சம் மீதியும் இருக்கும். இரும்புக் கடைக்கு நாலு, லேத் பட்டறைக்கு நாலரை.

வலப்பக்கத் துண்டுக்கு நேற்று மாலை செய்தித்தாள் ஒட்டினேன். இந்தப் பக்கம் சுருக்கம் கீழ் மூலையில் அதிகம் விழுகிறது. கவையின் இடைவெளியை இன்னும் ஒரு மில்லிமீட்டர் நெருக்க வேண்டும்போல் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத்தான் முதலில் செய்யப்போகிறேன்.